பூட்டிய அறையும் கரையானும்

சங்க இலக்கியத்தைப் பற்றிப் பேச யாருக்கு யோக்யதை உண்டு என்ற கேள்வி நம்மிடையே அடிக்கடி எழுகிறது. அதை எழுப்புகிறவர்கள் பெரும்பாலும் அந்த யோக்யதை தங்களுக்கு உண்டு என்று நம்புகிறவர்கள்தான். எங்கள் செம்மண்டலத்தில் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் கூடிக் குறுந்தொகை படித்து வருகிறோம். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், மருந்துக் கடைக்காரர் ஒருவர், பள்ளி ஆசிரியைகள் இருவர், வீட்டு வேலை முடிந்து வருகிற பெண்கள் இரண்டு பேர், கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுக் கதை எழுத வந்த நான். இதைக் கேள்விப்பட்ட ஒரு புலவர், "கதை படிக்கிற கும்பல் சங்கப் பாட்டைத் தொட்டால் அதுவும் கதையாகிவிடும்" என்றாராம். அவர் பெயர் இங்கே வேண்டியதில்லை. இந்த அபிப்பிராயம் அவர் ஒருவருடைய சொத்தல்ல. பரம்பரை பரம்பரையாக வருவது. அதனால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி சொச்சத்தில் சிதம்பரம். அந்தக் கோயிலைப் பற்றிய பழைய வரலாறு ஒன்றைத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. தேவார ஏடுகள் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. சோழ மன்னன் வந்து கேட்டான். பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் கதவு திறக்கும் என்றார்கள் காவல் இருந்தவர்கள். பாடியவர்கள் மறைந்து சில நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. மன்னன் அவர்களுடைய திருவுருவங்களை ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்தினான். கதவு திறந்தது. உள்ளே ஏடுகளின்மேல் புற்று வளர்ந்திருந்தது. எண்ணெய் ஊற்றிப் புற்றை அகற்றி எடுத்ததில் மிஞ்சியதுதான் இன்று நம்மிடம் இருக்கும் ஏறத்தாழ எண்ணூறு பதிகங்கள்.

இது சரித்திரமா, புராணமா என்று அறிஞர்கள் ஆராயட்டும். எனக்கு அதில் ஒரு விஷயம் போதும். பூட்டியவர்கள் அந்த ஏடுகளை வெறுத்தவர்கள் அல்லர், பக்தியோடு பூட்டினார்கள். கரையான் பக்தியைப் பார்ப்பதில்லை.

அதே சிதம்பரத்தில், அதே கோயிலில், இன்னொரு மரபும் உண்டு. சேக்கிழார் பெரிய புராணத்தை ஆயிரக்கால் மண்டபத்தில் ஒரு சித்திரைத் திருவாதிரை தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரை வரை ஓராண்டு கூட்டத்தின் நடுவே எடுத்துச் சொன்னார் என்பார்கள். கேட்க வந்தவர்களிடம் யாரும் பட்டம் கேட்டதாகச் செய்தி இல்லை. பூட்டிய அறையும் திறந்த மண்டபமும் ஒரே மதிலுக்குள் இருந்திருக்கின்றன. நாம் எதன் வாரிசு என்பதுதான் கேள்வி.

இனி, எல்லோரும் தலைவணங்கும் ஒரு சம்பவத்துக்கு வருவோம். 1880 அக்டோபரில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். முதலியார் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் தாம் படித்த அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் எல்லாவற்றையும் அடுக்கினார். கேட்டவர் முகத்தில் வியப்பு இல்லை. சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை பார்த்ததுண்டா என்று அவர் திருப்பிக் கேட்ட அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. 1887-ல் சீவகசிந்தாமணி, 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு என்று தமிழனுக்குத் தன் சொத்து திரும்பக் கிடைத்தது.

கேட்டவர் யார் என்று பாருங்கள். வழக்கு விசாரித்துத் தீர்ப்பு எழுதுகிற உத்தியோகஸ்தர். ஆசையால் படித்த ஒரு வாசகர். அந்த வாசகர் கேட்டிராவிட்டால் அந்த மகா வித்வான் எந்தத் திசையில் போயிருப்பார்? இன்னொன்றும் உண்டு. சிந்தாமணியில் விளங்காத சமண விஷயங்களை ஐயர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு வீட்டில் மாதக்கணக்காகப் படித்து வந்த சிந்தாமணி பூர்த்தியாகிற நாளைப் பண்டிகையாகக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். பாடத் திட்டம் கைவிட்ட நூலைக் குடும்பஸ்தர்கள் வீட்டுக் கூடத்தில் காப்பாற்றி வைத்திருந்தார்கள்!

"அப்படியானால் அவரவர் மனம்போல் பொருள் சொல்லலாமா?" என்று கேட்பீர்கள். கூடாது. நாற்றம் என்ற சொல் பழைய பாட்டில் நறுமணத்தைக் குறிக்கும்; இன்றைய பழக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைப் படித்தால் பாட்டே கெட்டுவிடும். பரிமேலழகரும் நச்சினார்க்கினியரும் அடியார்க்கு நல்லாரும் இதற்காகத்தான் உழைத்தார்கள். அகராதியும் உரையும் இல்லாமல் உட்காருவது அகம்பாவம். ஆனால் பொருள் தெரிந்துகொள்வது வாசல்வரை வருவதுதான். அதற்கு மேல் அந்தப் பாட்டு நம்மை என்ன செய்கிறது, அதில் வருகிறவன் நேர்மையானவனா, அவள் ஏன் பேசாமல் இருக்கிறாள் என்பதையெல்லாம் பேச வாழ்க்கை தெரிந்த எவருக்கும் உரிமை உண்டு. புலவரிடம் சொற்பொருளைக் கேட்போம். தீர்ப்பையும் அவரிடமே ஒப்படைக்க முடியாது.

பேசவிட்டால் சண்டை வரும் என்று பயப்படுகிறார்கள். வரட்டுமே! 1867-ல் திருவருட்பா அச்சேறியது. அருட்பாவா மருட்பாவா என்ற தகராறு, வடலூர் இராமலிங்க அடிகளையும், சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் நிறுவிய யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரையும் எதிரெதிரே நிறுத்தி, 1869-ல் எங்கள் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரை போயிற்று. கோர்ட்டுக்குப் போனது நல்லது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாட்டுக்காகக் கோபப்படுகிற ஊரில் பாட்டு உயிரோடிருக்கிறது. இன்று சங்க நூலுக்காக யாருக்குக் கோபம் வருகிறது? பெருமைக்குக் குறைவு வந்தால் கோபம் வருகிறது. நூலைப் படிக்காததற்கு வெட்கம்கூட வருவதில்லை.

மேடையைப் பாருங்கள். 2004-ல் தமிழைச் செம்மொழி என்று மத்திய அரசு அறிவித்தது, மகிழ்ச்சி. அதன்பின் கணியன் பூங்குன்றனார் பாட்டின் முதல் அடி ஏறாத மேடை இல்லை. அந்தப் பாட்டுக்கு 13 அடிகள். மற்றப் பன்னிரண்டும் எங்கே போயின? நன்மையும் தீமையும் பிறர் தருவதல்ல என்கிறார்; சாவு புதிதல்ல என்கிறார்; மழை பெய்து பெருகிய ஆற்றில் மிதக்கும் தெப்பம்போல உயிர் முறைவழியே போகிறது என்கிறார்; ஆகவே பெரியவர்களைக் கண்டு வியக்கவும் மாட்டோம், சிறியவர்களை இகழ்வதோ அதைவிடவும் செய்யமாட்டோம் என்று முடிக்கிறார். தலைவருக்கு ஆளுயர மாலை போட்டுவிட்டு இந்தப் பாட்டைச் சொல்கிறோம்! முதல் அடியோடு நிறுத்திக்கொள்வதில் சௌகரியம் இருக்கிறது. முழுவதும் படித்தால் மாலை கையில் நடுங்கும்.

வித்வான்களையும் பிரசங்கிகளையும் சொன்னேன், நம்மை விட்டுவிடலாமா? நாவல் படிக்கும் நாம் நேரமில்லை என்கிறோம். வாரா வாரம் காத்திருந்து வருஷக்கணக்கில் தொடர்கதை படித்த குடும்பங்கள் நம்முடையவை. குறுந்தொகையில் 401 பாட்டு. பெரும்பாலும் நாலிலிருந்து எட்டு அடி. புரியாது என்ற சாக்கும் செல்லாது. 1950-களிலேயே மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்து, சாதாரண மனிதன் கண்ணுக்குப் பழகும்படி, மலிவு விலையில் சங்க நூல்களை வெளியிட்டார். இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் உரையோடு காசில்லாமலே கிடைக்கிறது. இங்கிலாந்தில் 1946-ல் ரியூ என்பவர் ஹோமரின் ஒடிசியை எளிய உரைநடையில் மொழிபெயர்த்து மலிவுப் பதிப்பாகத் தந்தபோது ரயிலில் போகிறவர்கள் வாங்கிப் படித்தார்கள். நமக்கு மொழிபெயர்ப்புகூட வேண்டாம். நம் தாய்மொழியின் முந்தைய பேச்சுத்தான் அது.

கதை படிக்கிறவன் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். குறுந்தொகையின் 40-ஆம் பாட்டை எழுதியவர் பெயர் தெரியாது. செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர்போல நம் நெஞ்சங்கள் கலந்தன என்ற உவமையாலேயே அவருக்குச் செம்புலப் பெயனீரார் என்று பெயர் வைத்தார்கள். அந்த உவமை இன்று கல்யாணப் பத்திரிகைகளில் அச்சாகிறது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வீட்டு வேலை முடிந்து வருகிற அம்மாள் ஒருவர் கேட்டார்: "இதெல்லாம் அவன்தானே சொல்றான்? அவ என்ன சொன்னா?" எல்லோரும் புத்தகத்தைப் பார்த்தோம். அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. களவிலே கூடியபின் இவன் பிரிந்து போய்விடுவானோ என்று அவள் அஞ்சினாள், அந்தக் குறிப்பைக் கண்டு அவன் தேற்றுகிறான் என்பது பாட்டின் அடியில் உள்ள கூற்றுக் குறிப்பில்தான் இருக்கிறது, பாட்டுக்குள் இல்லை. பின்னால் தொகுத்தவர் எழுதிய குறிப்பை நம்ப வேண்டுமா? அவன் சொல்வது சத்தியமா, அந்த நேரத்துச் சமாதானமா? சிவந்த மண்ணிலிருந்து நீரைப் பிறகு பிரிக்க முடியாதுதான். ஆனால் வெயிலில் நீர் போய்விடுமே என்றார் மருந்துக் கடைக்காரர். தாசில்தாருக்குக் கோபமே வந்துவிட்டது. இரவு ஒன்பது மணிவரை பேசினோம்.

பாட்டு கதையாகிவிட்டதா? ஆகிவிட்டதென்றால் நல்லதுதான். ஒரு மனிதன், ஒரு பெண், ஒரு கணம், சொல்லாமல் விட்ட ஒரு பயம். கதை எழுதுகிறவன் வேறு எதைத் தேடி அலைகிறான்?

சபை, சங்கம், தலைவர், பொன்னாடை ஒன்றும் வேண்டாம். ஒரு பாய், ஓர் உரை நூல், ஓர் அகராதி, மாறுபட்டுப் பேசத் தயங்காத நாலு பேர். அந்த 40-ஆம் பாட்டிலேயே தொடங்குங்கள், ஐந்தே அடிதான். பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிடுங்கள். அவருக்குத் தமிழ் இலக்கணம் தெரியுமா என்று கேட்காதீர்கள். எப்போதாவது யாரையாவது நம்பியிருக்கிறாரா என்று கேளுங்கள்.