உண்பது வேறு, உடலில் சேர்வது வேறு

2023இல் எங்கள் வீட்டு ரேஷன் அரிசியில் சற்றே நிறம் மாறிய மணிகள் கிடந்தன. "பிளாஸ்டிக் அரிசி" என்று அஞ்சிய அம்மா, முறத்திலிட்டுப் பொறுக்கி எறிந்தார். அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துச் செய்த மணிகள் அவை என்பதைக் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தேன். அம்மாவோ இரத்தசோகைக்கு மாத்திரை உண்பவர்!

2019-21ஆம் ஆண்டு தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. 2021 சுதந்திர தினத்தன்று இவ்வரிசித் திட்டம் அறிவிக்கப்பட்டது. செறிவூட்டிய அரிசி கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு என்பது விதி.

தட்டிலுள்ள இரும்பெல்லாம் இரத்தத்தில் சேருமா? சேராது. அரிசியில் சேர்க்கும் ஃபெர்ரிக் பைரோபாஸ்பேட் நீரில் எளிதில் கரையாது. கரையாததைக் குடல் உறிஞ்சாது. தானியம், பருப்பிலுள்ள பைட்டேட்டும் தேநீரின் டானினும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வைட்டமின் சி ஃபெர்ரிக்கை ஃபெர்ரஸாக்கிக் கைகொடுக்கும்.

களையெடுக்கப் போகும் என் அம்மா, சோறுண்ட கையோடு தேநீர் குடிப்பவர். அவரிடம் இதை யார் சொன்னார்கள்? மூட்டையோடு நான்கு வார்த்தை விளக்கமும் வந்திருக்க வேண்டாமா? சத்தைக் கலந்தால் போதாது. அதை உண்ணும் முறையையும் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து.

சென்ற விடுமுறையில் நானே சொன்னேன். இப்போது அம்மா சோற்றோடு பச்சை நெல்லிக்காய் கடிக்கிறார். தேநீர் ஒரு மணி நேரம் கழித்துத்தான். நண்பர்களே, உங்கள் வீட்டு அடுக்களையிலும் சொல்லுங்கள். தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவதா வேதியியல்?