பித்தளைக்கு மயங்க வேண்டாம்

பழைய கண்ணாடி எத்தனை காலம் உழைக்கும்? திண்டுக்கல் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் ஆறு அங்குலத் தொலைநோக்கி 1850இல் பாரிஸில் செய்யப்பட்டது. 1898இல் டப்ளினின் கிரப் நிறுவனம் அதைச் சீரமைத்தது; அடுத்த நூற்றாண்டிலும் அது சூரியனைப் படமெடுத்தது.

அதற்காக, மலைக்கோட்டை ஏறிச் சிறுமலையைப் பார்க்க நினைப்பவர் ‘ஜெர்மன் சாமான்’ என்றதும் பழைய பைனாகுலருக்குப் பணத்தை எண்ணிவிடக் கூடாது.

இத்தாலியரான போரோ 1854இல் காப்புரிமை பெற்ற பட்டக அமைப்பைக் கொண்டு, 1894இல் யேனாவின் சைஸ் நிறுவனம் நவீன பைனாகுலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. செய்நேர்த்தி அபாரம். குறை, உள்ளே வரும் வெளிச்சத்தில்தான். பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் நான்கைந்து சதவீத ஒளி வீணாகும். பத்துப் பரப்புகள் என்றால் ஏறக்குறைய 40 சதவீதம் போச்சு! சைஸின் ஸ்மகுலா எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சைக் கண்டறிந்தது 1935இல்தான்.

திண்டுக்கல்காரருக்குப் பூட்டைச் சோதிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதையும் அப்படியே சோதிக்கலாம். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சை தெரியும். தொலைவிலுள்ள கம்பம் இரண்டாகத் தெரிந்தால் பட்டகம் நகர்ந்திருக்கிறது. பழுதுபார்க்கும் கூலியே விலையைத் தாண்டலாம்.