விசில் அடிச்சாச்சு... விரலா, கட்டை விரலா?

பொங்கல் லீவுல மரக்காணம், அனுமந்தை பக்கம் கபடி மேட்ச் பார்த்தவங்களுக்கு இந்த சீன் அத்துப்படி. பாடிக்கிட்டே உள்ளே வர்றார் ரெய்டர். கார்னர்ல நிக்கிறவர் காலைப் பிடிக்கிறார். ஒருத்தர் இடுப்பைக் கட்டிக்க, இன்னொருத்தர் மேல விழ, மொத்தமா ஒரு குவியல். அந்தக் குவியலுக்குள்ளேயிருந்து ஒரே ஒரு கை மட்டும் நடுக்கோட்டைத் தேடி நீளுது... விசில்! அவ்வளவுதான். ரெண்டு பக்கமும் 'எங்களுக்குத்தான்' என்று கூச்சல். மைக்காரர்கூட வாயை மூடிக்கிட்டு ஒரு ஆளைப் பார்க்கிறார். அம்பயரை.

'கில்லி'யில விஜய்க்கு ஸ்லோமோஷன் கொடுத்தாங்க. அம்பயருக்கு யார் கொடுக்கிறது?

அந்த ரெண்டு மூணு செகண்டுக்குள்ள அவர் எத்தனை கேள்விக்குப் பதில் சொல்லணும் தெரியுமா? ரெய்டர் போனஸ் கோட்டைத் தாண்டினாரா? தாண்டும்போது பின்னங்கால் தரையில படாம மேலே இருந்துச்சா? முதல் டச் எப்போ, யார் மேல? லாபியில கால் வெச்சது டச்சுக்கு முன்னாடியா, பின்னாடியா? பாட்டு நின்னுச்சா? கை நடுக்கோட்டைத் தொட்டப்போ எத்தனை பேர் அவரைப் பிடிச்சிருந்தாங்க? இத்தனைக்கும் சேர்த்து அவர்கிட்ட இருக்கிறது ஒரு விசில், ரெண்டு கை.

நாம அவர் கையை ஸ்கோர் போர்டு மாதிரி 'எத்தனை பாயின்ட்?' என்று மட்டும்தான் பார்க்கிறோம். ஆனா அந்தக் கை பாயின்ட்டை மட்டும் சொல்லலை. யார் வெளியே போகணும், யார் உள்ளே வரணும்னும் சேர்த்துச் சொல்லுது.

தொட்டு எடுத்த பாயின்ட்டுக்கு விரல் காட்டுவாங்க. போனஸுக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவாங்க. ரெண்டும் ஒரு பாயின்ட்தானே, எதுக்குத் தனித்தனி? ஏன்னா, எதிராளி ஒருத்தர் அவுட் ஆனா நம்ம பக்கம் வெளியே உட்கார்ந்திருக்கிறவர்ல ஒருத்தர் உயிர் பெற்று உள்ளே வரலாம். போனஸுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஸ்கோர் ஏறும், ஆள் ஏறாது. கட்டை விரலை விரல்னு தப்பா எடுத்துக்கிட்டா, வெளியே போகக்கூடாதவர் போவார், வரக்கூடாதவர் வருவார். அடுத்த ரெய்டே தப்பான ஆட்டம்!

இன்னும் சிக்கலா ஒண்ணு. ரெய்டர் போனஸ் கோட்டைத் தாண்டிட்டார், ஆனா திரும்பறதுக்குள்ள பிடிச்சுட்டாங்க. இப்போ இந்தப் பக்கம் ஒரு கட்டை விரல், அந்தப் பக்கம் ஒரு விரல். வேடிக்கை பார்க்கிறவங்க 'ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சு'ன்னு நினைச்சுக்குவாங்க. சரியாப் போகலை பாஸ். ரெய்டர் அவுட், பிடிச்ச டீம்ல ஒருத்தர் உள்ளே. அதே ரெய்டர் போனஸும் எடுத்து, மூணு பேர் பிடியிலிருந்து திமிறி நடுக்கோட்டையும் தொட்டுட்டா? மூணு விரல், கூடவே கட்டை விரல். நாலு பாயின்ட், ஆனா அவுட் மூணு பேர்தான். எந்த மூணு பேர்? அதையும் கையால சுட்டிக் காட்டணும். கோர்ட்டுக்குப் பின்னாடி உதவி ஸ்கோரர் அந்தக் கையைப் பார்த்துத்தான், யார் எந்த வரிசையில வெளியே போனாங்கன்னு எழுதறார். உள்ளே வர்றதும் அதே வரிசைதான்.

ரூல்படி ஒரு ரெஃப்ரி, ரெண்டு அம்பயர், ஒரு ஸ்கோரர், ரெண்டு உதவி ஸ்கோரர் இருக்கணும். கிராமத்து மேட்ச்ல பல சமயம் இதுல பாதிப் பேர்கூடத் தேறமாட்டாங்க. தரையும் மேட் கிடையாது, மண். உப்பளத்துக்குப் பக்கத்துல ஆடினாலும் கோடு போடுறது சுண்ணாம்புத் தூள்லதான். செகண்ட் ஹாஃப் வர்றதுக்குள்ள பாதிக் கோடு ஆட்டக்காரங்க கால்ல ஒட்டிக்கிட்டுப் போயிடும். மிச்சத்தைக் கடல் காத்து பார்த்துக்கும். இல்லாத கோட்டை மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு 'லாபி அவுட்' கொடுக்கிறவரை நாம எவ்வளவு ஈசியா திட்டறோம்!

கோடு பளிச்சுனு இருந்து, கேமராவும் இருந்தா பிரச்னையே வராதா? 2023 அக்டோபர் 7-ம் தேதி, சீனாவின் ஹாங்சோ ஏஷியன் கேம்ஸ் ஆண்கள் ஃபைனல். இந்தியா - ஈரான். ஸ்கோர் 28-28, ஆட்டம் முடிய ஏறக்குறைய ஒரு நிமிஷம். பவன் ஷெராவத்துக்கு 'டூ ஆர் டை' ரெய்டு. யாரையும் தொடாமலேயே லாபிக்குள்ள போயிட்டார். அவரைத் தள்ள ஈரான் டிஃபெண்டர்கள் கூடவே லாபிக்குள்ள வந்துட்டாங்க. பழைய ரூல்படி ரெய்டரும் அவுட், பின்னாடி வந்தவங்களும் அவுட். புரோ கபடி பழக்கிவிட்ட புது ரூல்படி ரெய்டர் மட்டும் அவுட். எது செல்லும்?

தீர்ப்பு ஒரு பக்கம் போச்சு, மாறிச்சு, மறுபடி மாறிச்சு. வீரர்கள் மேட்லேயே உட்கார்ந்துட்டாங்க. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆட்டம் நின்னுச்சு. கடைசியில 33-29ன்னு இந்தியாவுக்குத் தங்கம். நமக்கு சந்தோஷம்தான். ஆனா அன்னிக்கு கண்ணுல குறை இல்லைங்கறது என் கட்சி. என்ன நடந்ததுன்னு ரீப்ளேல எல்லாரும் பார்த்தாங்க. அதுக்கு எந்தக் கையைத் தூக்கறதுங்கறதுலதான் அடிதடி.

பேஸ்பால் அம்பயர்களுக்கும் இதே தலைவலி உண்டு. ரன் எடுக்க ஓடி வர்றவர் ஹோம் பிளேட் என்கிற கடைசிப் பலகையை நோக்கிச் சறுக்குவார். அங்கே நிற்கிற கேட்சர் கையில பந்தோட அவரைத் தொடப் பார்ப்பார். தொட்டா அவுட், அம்பயர் முஷ்டியை மடக்குவார். தப்பிச்சா ரெண்டு கையையும் பக்கவாட்டுல விரிப்பார். சரி, ஓடினவரும் பலகையைத் தொடலை, கேட்சரும் அவரைத் தொடலைன்னா? அங்கே அம்பயர்களுக்குக் காலங்காலமா சொல்லித்தர்றது, எந்த சிக்னலும் காட்டாதேன்னுதான். சிக்னல் இல்லைன்னா ஆட்டம் இன்னும் முடியலைன்னு அர்த்தம். சுதாரிக்கிறவன் பிழைச்சான்!

கபடியில அந்த மௌனம் விசில்ல இருக்கு. குவியல் விழுந்த உடனே பதறி ஊதிட்டா, இன்னும் ஒரு முழம் இழுத்திருக்கக்கூடிய ரெய்டரோட கதை அங்கேயே முடிஞ்சது. நல்ல அம்பயர் குனிஞ்சு நடுக்கோட்டை ஒட்டிப் பார்ப்பார், காத்திருப்பார், அப்புறம்தான் ஊதுவார். ஊதின பிறகும் கை உடனே எழும்பாது. ஒரு மூச்சு கேப் விடுவார். அதை 'தடுமாறுறான்யா' என்று கிண்டல் பண்றோம். எனக்கு அந்த கேப் விடறவர் மேலதான் நம்பிக்கை.

'ஒரு பாயின்ட்டுக்கு இவ்வளவு பில்டப்பா?'ன்னு கேட்டா... கபடி சர்ட்டிஃபிகேட்டை வெச்சு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட், ரயில்வே, போலீஸ் வேலைன்னு போனவங்க நம்ம பக்கம் நிறைய. மாவட்ட செலக்‌ஷன் மேட்ச்ல தப்பாத் தூக்கின ஒரு விரல், ஒரு வீட்டோட சம்பளம்.

அதனால கேப்டன்களே, டாஸ் போடறதுக்கு முன்னாடி அம்பயர்கிட்ட மூணு விஷயம் கேட்டுடுங்க. போனஸ் உண்டா? சூப்பர் டேக்கிள் உண்டா? டச் இல்லாம லாபிக்குள்ள பின்னாடியே வர்ற டிஃபெண்டருக்கு என்ன கணக்கு? பதிலை மைக்குல எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷ வேலை. ஹாங்சோவுல இதுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு.