லாபம் இருக்கு, காசு எங்கே?

பி.காம். படித்ததில் எனக்கு மிஞ்சிய ஒரே ஞானம்: லாபம் வேறு, காசு வேறு. சந்தேகமிருந்தால் கரில்லியன் கதையைக் கேளுங்கள்.

பிரிட்டனில் டார்மாக் கம்பெனியிலிருந்து 1999-ல் தனிக்குடித்தனம் வந்த கட்டுமானக் கம்பெனி. ரோடு, ரயில் பாதை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடச் சாப்பாடு என எதையும் விடவில்லை. அடிமட்ட ரேட்டில் கான்ட்ராக்ட் பிடித்தார்கள். வருமா என்று நிச்சயமில்லாத பணத்தையும் வரவில் எழுதினார்கள். வேலை செய்த சப்-கான்ட்ராக்டருக்கு மட்டும், '120 நாள் கழிச்சு வாப்பா!'

2016-க்கு டிவிடெண்ட் 7.9 கோடி பவுண்டு. பங்குதாரர்கள் குஷி. 2017 ஜூலையில், 'ஹி...ஹி... 84.5 கோடி தேறாது' என்றார்கள். 2018 ஜனவரி 15-ல் இழுத்து மூடியபோது பொறுப்புகள் சுமார் 700 கோடி, கையில் 2.9 கோடி.

19 வருஷம் தணிக்கை செய்து, ஒரு தடவைகூடக் குறை எழுதாத கே.பி.எம்.ஜி. வாங்கிய மொத்த ஃபீஸ்? அதே 2.9 கோடி! 2023-ல் அபராதம் 2.1 கோடி.

லிவர்பூலில் பாதியில் நின்ற ஆஸ்பத்திரி 2022-ல்தான் திறந்தது. சம்பளமும் பென்ஷனும் நம்பியிருந்தவர்கள் பாடு தனிக்கதை.

உங்க கம்பெனி ஆண்டறிக்கை கைக்கு வந்தால், சேர்மன் போட்டோவைத் தாண்டி, ரொக்கக் கையிருப்புப் பக்கத்தை முதலில் புரட்டுங்க ஸார்.