டீச்சருக்கும் ஆயாம்மாவுக்கும் ஒரு நாள்

செப்டம்பர் மாதம் நெருங்கும்போது நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் தலைகாட்டும். "எங்கள் பாலர் பள்ளி ஆசிரியைகளுக்குப் பாராட்டு விழா எடுக்க எண்ணியுள்ளோம். என்ன கலைநிகழ்ச்சி வைக்கலாம்? என்ன விளையாட்டு நடத்தலாம்?" இம்முறையும் ஒரு தாய் அவ்வாறு எழுதியிருக்கிறார்.

டாக்டர் இராதாகிருஷ்ணன் பிறந்த செப்டம்பர் 5-ஆம் நாளை 1962 முதல் நம் நாடு ஆசிரியர் தினமாகக் கொண்டாடி வருகிறது. பெரிய பள்ளிகளில் மாணவர்களே மேடையேறி நன்றி கூறுவர். ஆனால் மூன்று வயதுக் குழந்தை எங்ஙனம் நன்றியுரை ஆற்றும்? அதன் மூக்கைத் துடைத்து, சோறூட்டி, முதல் எழுத்தை விரல் பிடித்து எழுதவைத்தவரை அது வளர்ந்தபின் மறந்தும் போகும். ஆகவே அந்த நன்றிக்கடன் பெற்றோராகிய நம்மைச் சேர்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாலர் பள்ளியில் இத்தகைய விழா நடந்தது. விழாக் குழுவில் நாமும் இருந்தோம். ஆதலால் பிழையில் நமக்கும் பங்குண்டு. பத்து நடனங்கள், ஒரு நாடகம், மாறுவேடப் போட்டி என நிகழ்ச்சிநிரலை நிரப்பினோம். மாலை ஐந்து மணி என்று அழைப்பிதழில் அச்சிட்டோம். சிறப்பு விருந்தினர் வந்து சேர ஆறரை ஆயிற்று. சரிகைப் பாவாடையும் முகப்பூச்சுமாகக் காத்திருந்த பிள்ளைகள் வியர்வையில் நனைந்து, ஒன்றன்பின் ஒன்றாக அழத் தொடங்கினர். இதில் வேடிக்கை யாதெனில், அந்தப் பத்து நடனங்களையும் இரண்டு வாரம் தொண்டை வறளக் கற்றுக்கொடுத்தவர்கள் அதே ஆசிரியைகள்தாம். பொன்னாடை போர்த்துவதற்காகப் பெயர் சொல்லி அழைத்தபோது ஒருவர் மேடைக்கு வரவில்லை. அவர் திரைக்குப் பின்னால் ஒரு குழந்தையின் நனைந்த கால்சட்டையை மாற்றிக்கொண்டிருந்தார். ஆயாம்மாவையோ எவரும் அழைக்கவேயில்லை. அவர் கிணற்றடியில் தேநீர்க் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும் வழியில் நம் மனத்தில் ஒரு கேள்வி உறுத்தியது. நாம் அவர்களுக்கு நன்றி சொன்னோமா, அல்லது இன்னொரு நாள் வேலை கொடுத்தோமா?

அன்று கற்ற பாடத்திலிருந்து மூன்று விதிகளை வகுத்துக்கொண்டோம். முதலாவது, பாராட்டுப் பெறுவோர் அன்று எந்த வேலையும் செய்யலாகாது. நாற்காலி போடுவதும், பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதும், குவளை கழுவுவதும் பெற்றோர் பொறுப்பு. இரண்டாவது, விழா ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது; அதுவும் பிள்ளைகள் தெளிவாக இருக்கும் காலை வேளையே ஏற்றது. மூன்றாவது, பிள்ளைகளுக்குப் புதிதாக எதையும் பயிற்றுவிக்க வேண்டாம். வகுப்பில் நாள்தோறும் பாடியாடும் அபிநயப் பாடல்களில் இரண்டைத் தேர்ந்து, எல்லாரும் சேர்ந்து பாடட்டும்.

இவ்வாறு சொல்வதால் விழாவின் தரம் தாழ்ந்துவிடாது. 1837-இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க்கில் சிறு குழந்தைகளுக்கெனப் பள்ளி தொடங்கிய ஃபிரோபெல், 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம் எனப் பெயரிட்டார். பாட்டும் விளையாட்டுமே அங்குக் கல்வி. அவை கல்விக்கு இடையே வரும் பொழுதுபோக்கு அல்ல. 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், குழந்தை தானாக விரும்பிச் செய்யும் செயலுக்கே மதிப்பளித்தார். மேடையில் ஒரு குழந்தை பாடாமல் தன் தாயை நோக்கிக் கையசைத்தால் அசைக்கட்டுமே! அதுவும் ஒரு நிகழ்ச்சிதான்.

மேடையில் ஆடிப்பாட வேண்டியவர்கள் பெற்றோர். பத்து நிமிட நாடகம் ஒன்று போதும். நான்கு தந்தையர் கழுத்தில் தண்ணீர்ப் புட்டியை மாட்டிக்கொண்டு பாலர் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்கட்டும். ஒருவர் "வீட்டுக்குப் போகணும்" என்று அழட்டும், ஒருவர் அடுத்தவர் ரொட்டியைப் பிடுங்கட்டும், ஒருவர் உறங்கிவிடட்டும். ஒரு தாய் ஆசிரியையாக நின்று திண்டாடட்டும். நடிப்பில் குறையிருந்தாலும் பாதகமில்லை. அடிக்கவோ திட்டவோ செய்யும் காட்சி மட்டும் வேண்டாம். பிள்ளைகள் அதையே பிடித்துக்கொள்வர்.

இனி விளையாட்டுகள். இசை நாற்காலியில் தோற்ற பிள்ளை வெளியேற வேண்டும் என்பது வழக்கம். மூன்று வயதுக்கு அது தாங்காத் துயரம். நாற்காலிகளை மட்டும் குறைத்து, பிள்ளைகளைக் குறைக்காதீர்கள். எஞ்சிய இடத்தில் மடிமேல் மடியாக எல்லாரும் அமரட்டும், சிரிப்புக்குக் குறைவிராது. 'குலை குலையா முந்திரிக்கா'யில் ஆசிரியைகளையும் வட்டத்தில் உட்கார வையுங்கள். கரண்டியில் எலுமிச்சை வைத்து ஓடும் விளையாட்டில் கரண்டி கையில் இருக்கட்டும். வாயில் வைத்து ஓடி விழுந்தால் ஆபத்து. உடைந்த பலூன் துண்டும், முழு வேர்க்கடலையும் சிறு பிள்ளைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். பரிசு என்றால் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுபோல் ஒரு வண்ணக்கோல் போதும்.

ஆசிரியைகளுக்கென நாம் பரிந்துரைக்கும் விளையாட்டு ஒன்றுண்டு. அவர்கள் கண்ணைத் துண்டால் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளையாக முன்வந்து "வணக்கம் டீச்சர்" என்று சொல்லட்டும். குரலைக் கொண்டே யார் என்று சொல்ல வேண்டும்.

மறு ஆண்டு அதே பள்ளியில் இதை நடத்திப் பார்த்தோம். ஆசிரியைகள் தடுமாறாமல் பெயர்களைச் சொல்லி வந்தனர். அப்போது ஒரு பெரியவர், "ஆயாம்மாவையும் கூப்பிடுங்கள்" என்றார். அவர் வெட்கத்துடன் மறுத்தார். பின்பு கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து அமர்ந்தார். அவர்முன் வந்து நின்றது வகுப்பில் வாயே திறவாத ஒரு சிறுவன். அவன் பேசவில்லை. நாங்கள் கையசைத்துத் தூண்டியும் பயனில்லை. கூட்டம் அமைதியாயிற்று. அவன் தாய் தலைகுனிந்துகொண்டார். சிறுவன் ஓரடி முன்வைத்து ஆயாம்மாவின் முந்தானை நுனியைப் பற்றிக்கொண்டான்.

"இவனா! தினமும் இப்படித்தானே பிடிச்சுக்கிட்டு நிப்பான்" என்று சொல்லி, கட்டை அவிழ்க்காமலேயே அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார் ஆயாம்மா. அவன் பெயரையும் சரியாகச் சொன்னார். தாய் எழுந்து வந்து அவருடைய கைகளைப் பற்றிக்கொண்டார். பள்ளியில் தன் மகன் யாருமின்றித் தனித்து நிற்கிறானோ என்று ஓராண்டாக அவர் அஞ்சியிருந்தார் என்பதை நாங்கள் பின்னரே அறிந்தோம்.

அன்பளிப்பைப் பற்றியும் ஒரு சொல். பணம் திரட்டிப் பெரிய பொருள் வாங்குவதில் தவறில்லை. ஆனால் கொடுக்க இயலாத குடும்பத்தை அது கூனிக் குறுக வைக்கக் கூடாது. எல்லா வீட்டாராலும் தரக்கூடிய அன்பளிப்பு ஒன்றுண்டு. ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாளில் ஒரே ஒரு செய்தியை எழுதட்டும். "தங்கள் சேவை பாராட்டுக்குரியது" என்பது போன்ற பொதுச்சொல் வேண்டாம். "எங்கள் மகள் இப்போது தட்டைத் தானே எடுத்து வைக்கிறாள்", "எங்கள் மகன் காலையில் அழாமல் கிளம்புகிறான்" என்று கண்டதை எழுதுங்கள். அத்தாள்களைத் தைத்து நூலாக்கிக் கொடுங்கள். ஆயாம்மாவுக்கும் தனியே ஒன்று வேண்டும். அவர் படிக்கத் தெரியாதவரானால் அருகில் அமர்ந்து படித்துக் காட்டுங்கள்.

கடிதம் எழுதிய சகோதரியே, உங்கள் விழாவுக்கு மேடையும் ஒலிபெருக்கியும் கட்டாயமில்லை. ஒரு மரநிழல், கண்ணைக் கட்ட ஒரு துண்டு, அவித்த பயறும் தேநீரும் போதும். முன்வரிசையில் எத்தனை நாற்காலி என்று எண்ணும்போது மட்டும் ஆயாம்மாவையும் சேர்த்து எண்ணுங்கள். அன்று குவளைகளைக் கழுவும் முறை நம்முடையது.