நீதிமன்றமும் மக்களாட்சியும்

மக்களாட்சி நிலவும் நாட்டிலே சட்டம் இயற்றுவது பாராளுமன்றத்தின் கடன். அச்சட்டத்துக்குப் பொருள் காண்பது நீதிமன்றத்தின் கடன். நீதிமன்றம் இவ்வரம்பைக் கடந்து அரசியலுள் நுழைகின்றது என்னும் முறைப்பாடு இன்று பல நாடுகளிலும் எழுகின்றது. அதில் உண்மை உண்டு. ஆயினும், நீதிமன்றம் தானாக நுழைந்ததா, அன்றி அரசியல்வாதிகளே கதவைத் திறந்துவிட்டனரா என்பது ஆராயத்தக்கது.

2018ஆம் ஆண்டு நவம்பர் 9ஆந் திகதி சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தார். நாலரை ஆண்டு நிறைவுறுமுன், மூன்றில் இரு பங்கினரின் தீர்மானமின்றிக் கலைத்தல் ஆகாதென்பது அன்றைய அரசியலமைப்பின் விதி. டிசெம்பர் 13ஆந் திகதி உயர் நீதிமன்ற நீதியரசர் எழுவரும் ஒருமனதாக அச்செயல் செல்லாதென்றனர். நம்மவர் பலரும் அன்று நீதிமன்றத்தைப் போற்றினோம்.

ஆனால், வடக்குக் கிழக்கு மாகாணங்களின் இணைப்புச் செல்லாதென அதே நீதிமன்றம் 2006ஆம் ஆண்டு ஒக்டோபரிலே தீர்த்தபோது நாம் மனம் புண்பட்டோம். 1987ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழிவந்த அவ்விணைப்பு, கிழக்கில் நடத்தப்படவேண்டிய வாக்கெடுப்பு மீண்டும் மீண்டும் ஒத்திவைக்கப்பட, தற்காலிக ஏற்பாடாகவே 18 ஆண்டுகள் கிடந்தது. எந்தப் பாராளுமன்றமும் சட்டம் இயற்றி அதற்கு உறுதியளிக்கவில்லை. அவசரகால விதியொன்றன்மேல் நின்ற அம்மாளிகை ஒரு வழக்கிலே சரிந்தது.

இவ்விரண்டினும் முந்தியது கோடீஸ்வரன் வழக்கு. அரசாங்க எழுதுவினைஞரான அவர், சிங்களத் தேர்ச்சிச் சோதனைக்குத் தோற்றாமையாற் சம்பள ஏற்றத்தை இழந்தார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்காட இயலாதெனக் கூறி, 1967இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 1969இல் இங்கிலாந்தின் கோமறைக் கழகம் அக்கூற்றை மறுத்து, மொழிச் சட்டம் செல்லுமா என்னும் வினாவை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பியனுப்பியது. விடை பிறக்குமுன்னரே 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு வந்தது. சிறுபான்மையோர்க்குக் காப்பாயிருந்த 29ஆம் பிரிவு மறைந்தது.

இவற்றால் அறியக்கிடப்பது யாது? வேலி பயிரைக் காக்கும், பயிரை விளைவிக்காது. நீதிமன்றம் அத்துமீறலைத் தடுக்கலாம். இரு மக்களிடையே இணக்கத்தை ஆக்கித் தரல் அதற்கு இயலாது. அது மக்களின் பிரதிநிதிகள் செய்யவேண்டிய வேலை. அவர்கள் செய்யாது விட்டதே வழக்காகி மன்றேறுகின்றது. அவ்வாறு நீதிமன்றத்தின் அதிகாரம் வளர்வதற்கு நீதிபதிகளை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று.

நாளை சட்டத்தரணிகளாகவும் அரசியலாளராகவும் விளங்கப்போகும் மாணவர்க்கு ஒன்று கூறுவேன். தீர்ப்பு நமக்குச் சாதகமா, பாதகமா என்று மட்டும் பாராதீர். அதன் நியாயத்தை வாசித்து மதிப்பிடுங்கள். நமக்கு உவந்த தீர்ப்புக்கும் உவவாத தீர்ப்புக்கும் ஒரே அளவுகோலைப் பிடிப்பவனே மக்களாட்சிக்கு உரியவன்.