பூமிநாதரும் புறம்போக்கும்

திருச்சுழியில் எழுந்தருளியிருக்கும் சிவபெருமானுக்குப் பூமிநாதர் என்று ஒரு திருநாமம் உண்டு. பெயர் என்னவோ பூமிக்கெல்லாம் நாதர் என்றுதான் இருக்கிறது. ஆனால் தாலுகா கச்சேரிக் கணக்கைப் புரட்டிப் பார்த்தால், பட்டாதாரன் பெயர் எழுதப்படாத பூமிக்கெல்லாம் நாதர் சர்க்கார்தான். அந்தப் பூமிக்குக் கணக்கில் இரண்டு பெயர்கள். ஒன்று தரிசு, மற்றொன்று புறம்போக்கு. இச்சொற்களைக் கேட்டதும், "யாருக்கும் சொந்தமில்லாத நிலந்தானே? யாருக்காவது கொடுத்துவிட்டால் என்ன?" என்று பட்டணத்தில் இருப்பவர்களுக்குத் தோன்றுகிறது. அருப்புக்கோட்டைச் சீமையில் வசிக்கும் நமக்கு அப்படித் தோன்றுவதில்லை.

இது வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைக் கண்மாயில் தேக்கி வைத்துக்கொண்டுதான் மற்ற மாதங்களைத் தள்ளவேண்டும். கண்மாய் நிரம்ப வேண்டுமானால், மேட்டு நிலத்தில் விழுந்த தண்ணீர் ஓடை வழியாகவும் வரத்துக்கால் வழியாகவும் தடையின்றி இறங்கி வரவேண்டும். அந்த மேட்டு நிலத்தில் பெரும் பகுதியைத்தான் கணக்கு 'தரிசு' என்கிறது. கண்மாய் வற்றிய பிறகு உள்வாயில் முளைக்கும் புல்லை நம்பி ஆடுமாடுகள் இருக்கின்றன. மந்தையை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் கீதாரிகள் இரவில் புன்செய்க் காட்டில் கிடை அமர்த்துகிறார்கள். சம்சாரிக்கு உரம் கிடைக்கிறது. சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் அநேகம். களம், மந்தைவெளி, சுடுகாடு எல்லாம் புறம்போக்கே. ஆகவே, ஒருவர் பெயரிலும் இல்லாத நிலம் என்பது எல்லோரும் உபயோகிக்கும் நிலம் என்றே இங்கு பொருள்.

அப்படியானால் அது சர்க்காருடையதாக ஆனது எப்படி? வெள்ளைக்காரர் காலத்தில் திருச்சுழித் தாலுகா இராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்தது. 1803-ம் வருஷம் சாசுவத நிலவரித் திட்டத்தின்படி கும்பினியார் ஜமீனை உறுதி செய்தார்கள். ஜமீன் எவ்வளவு பெரிதாயிருந்தாலும், ஊர்ப் பொதுவை இஷ்டம்போல் விழுங்க முடியவில்லை. கண்மாய் உள்வாய், களம், மாடு அடையும் இடம், கிராம நத்தம் ஆகியவை சாகுபடி நிலத்தில் சேராதவை என்று 1908-ம் வருஷத்து எஸ்டேட் நிலச் சட்டம் தனியே பிரித்து வைத்தது. பிறகு 1948-ம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜனங்கள் அதைக் கொண்டாடியது நியாயமே. சாகுபடி செய்த குடியானவனுக்கு ரயத்வாரிப் பட்டா கிடைத்தது. ஆனால் அதே சட்டத்தின்படி பொது நிலம், புறம்போக்கு, மேய்ச்சல் நிலம், ஏரி எல்லாம் சர்க்கார் வசமாயின. உழுதவன் கையில் காகிதம் கிடைத்தது; மேய்த்தவன் கையில் ஒன்றும் கிடைக்கவில்லை. வழக்கம் ஒன்றுதான் அவனுக்குப் பத்திரம். பழைய கர்ணத்துக்காவது ஊர் வழக்கம் தெரிந்திருந்தது. 1980-ல் அந்த உத்தியோகமும் எடுபட்டுப் போயிற்று.

இப்படிச் சொல்வதால், ஏழைக்கு நிலம் கொடுக்கக்கூடாது என்பது நம் கட்சியென்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. நிலமில்லாதவனுக்கு நிலம் கொடுப்பதைவிடப் பெரிய தேச சேவை என்ன இருக்கிறது? ஆனால் கொடுக்கும் விதம் ஒன்று உண்டு. செங்கல்பட்டுக் கலெக்டராயிருந்த டிரமென்ஹீர் துரையின் அறிக்கையை ஒட்டி, 1892-ம் வருஷம் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலம் வழங்கச் சென்னை சர்க்கார் உத்தரவிட்டார்கள். பஞ்சமி நிலம் என்பது அதுதான். பத்து வருஷம் வரை விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் அவ்வகுப்பாருக்கே விற்கவேண்டும் என்று நிபந்தனைகள் இருந்தன. அவ்வளவு இருந்தும் நிலம் கைமாறியது. அதை மீட்கவேண்டுமென்று 1994-ல் மாமல்லபுரத்துக்கு அருகே காரணையில் கிளர்ச்சி நடந்தபோது, போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் இரண்டு பேர் மாண்டார்கள். கொடுத்த நிலத்தைக் காவாமல் விட்டதன் பலன் அது.

2006-ம் வருஷம் செப்டம்பரில், நிலமற்ற ஏழைகளுக்கு இரண்டு ஏக்கர் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு ஆரம்பித்தது. நோக்கம் உயர்ந்ததே. ஆனால் தரிசு என்று கணக்கைப் பார்த்து மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? வரத்துக்கால் ஓடும் இடமோ, ஆடு மேயும் இடமோ பட்டாவாகிவிடும். பட்டா வாங்கிய ஏழைக்கும் ஆடு மேய்க்கும் ஏழைக்கும் சண்டை மூளும். இருவரும் அருப்புக்கோட்டைக் கோர்ட்டுக்கு நடப்பார்கள். உச்சவரம்புச் சட்டம் 1961 முதல் இருக்கிறது. 1970-ல் வரம்பை 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து 15-ஆகவும் குறைத்தார்கள். அதன்படி இருப்பவனிடம் மிகுதியை வாங்குவது பிரயாசையான காரியம்; ஊர்ப் பொதுவை எடுத்துக் கொடுப்பதோ சுலபம். சுலபமான தர்மத்தில் இதுதான் ஆபத்து. ஓர் ஏழையின் பையிலிருந்து எடுத்து மற்றோர் ஏழைக்குக் கொடுத்துவிட்டுப் புண்ணியம் சம்பாதிக்கப் பார்க்கிறோம்.

பெரிய முதலாளிகளுக்காகப் பொது நிலம் போகும்போது விஷயம் இன்னும் மோசம். ஓடையும் நீர்நிலையும் குறுக்கிடும் நிலத்தை விசேஷத் திட்டங்களுக்காக ஒருங்கிணைக்க 2023-ல் ஒரு சட்டம் செய்திருக்கிறார்கள். காகிதத்தில் ஓடையை இடம் மாற்றி வரையலாம். மழைத் தண்ணீருக்குப் படம் பார்க்கத் தெரியாது. அது பள்ளத்தை நோக்கித்தான் ஓடும்.

சுப்ரீம் கோர்ட்டார் 2011 ஜனவரி 28-ந் தேதி ஜக்பால் சிங் வழக்கில் நல்ல தீர்ப்பொன்று அளித்தார்கள். அது பஞ்சாபில் ஒரு கிராமத்துக் குளத்தைப் பற்றிய வழக்கு. கிராமப் பொது நிலங்களில் ஆக்கிரமிப்பை அகற்றி ஊராருக்கே திருப்பித் தரவேண்டும் என்று எல்லா மாகாணங்களுக்கும் கட்டளையிட்டார்கள். அத்துடன், நிலமற்ற கூலிகளுக்கும் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் சர்க்கார் உத்தரவுப்படி கொடுத்திருந்தால் அதற்கு விலக்கும் சொன்னார்கள். ஊரின் உரிமை, ஏழையின் உரிமை இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க முடியும் என்பதற்கு இதுவே அத்தாட்சி.

நாம் கேட்பது பெரிதல்ல. நில ஒப்படை செய்யுமுன் கிராமத்தில் அறிவித்து ஆட்சேபணை கேட்கவேண்டும் என்பது பழைய விதி. அந்த அறிவிப்பைக் கச்சேரிச் சுவரில் ஒட்டுவதோடு நிறுத்தாமல், கிராம சபையில் உரக்கப் படிக்கட்டும். சர்வேயர் ஆட்டுக்காரனையும் கரிமூட்டக்காரனையும் அழைத்துக்கொண்டு நிலத்தை நடந்து பார்க்கட்டும். கொடுக்கத் தகுந்த நிலமானால், பட்டாவோடு எல்லைக் கல்லும் நட்டுக் கையில் ஒப்படைக்கட்டும்.

நேயர்களில் அநேகருக்குச் சொந்தக் கிராமம் ஒன்று இருக்கும். கொடைக்கும் கல்யாணத்துக்கும் போய் வருகிறீர்கள். இனி ஆகஸ்டு 15-லோ அக்டோபர் 2-லோ கிராம சபைக்கும் ஒரு தடவை போங்கள். 'அ' பதிவேட்டில் புறம்போக்கு என்று கண்டிருக்கும் சர்வே நம்பர்களை எழுதிக்கொண்டு போய், ஒவ்வொன்றும் இப்போது யார் வசம் இருக்கிறது என்று கேளுங்கள். சுதந்திர தினத்தில் கொடியேற்றி மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்புவதைவிட அது சற்றுச் சிரமந்தான். ஆனால் ஊர்க் கண்மாய்க்கு அடுத்த வருஷமும் தண்ணீர் வருமா என்பது அந்தக் கேள்வியைப் பொறுத்திருக்கிறது.